சௌந்தரத்துக்குப் போன கோடி

காதர்பேட்டைக்குப் பின்னால் இருந்த சின்னப் பூங்காவில் ஒரு பொது வானொலிப் பெட்டி இருந்தது. அதற்கு இரண்டு திருகுகள். ஒன்றைத் திருகினால் பேசும், மற்றதைத் திருகினால் சத்தம் கூடும். இந்த இரண்டு திருகுகளையும் கவனித்துக்கொள்ள ஏழு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது.

பெட்டி இரும்புக் கூண்டுக்குள் இருந்தது. கூண்டுக்கு இரண்டு பூட்டுகள். தினமும் மாலை ஆறு மணிக்குத் தலைவர் மாரப்பன் முதல் பூட்டைத் திறப்பார். பனியன் கம்பெனி முதலாளியான அவருக்குச் சொந்த வீட்டிலேயே இரண்டு ரேடியோ உண்டு. இரண்டாவது பூட்டைச் செயலாளர் வேலுமணி திறப்பார். மூன்றாம் உறுப்பினர் "திறக்கப்பட்டது" என்று அறிவிப்பார். நான்காமவர் அதை நோட்டில் எழுதுவார். ஐந்தாமவரும் ஆறாமவரும் கைதட்டுவார்கள். ஏழாமவர், யாராவது ஒருவர் கூட்டத்துக்கு வரவில்லை என்று குறிப்பெழுத வேண்டுமே என்பதற்காக வைக்கப்பட்டிருந்தார். அந்தக் கடமையிலிருந்து அவர் ஒருநாளும் தவறியதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் வானொலி பேசும்.

லிங்கசாமிக்கு இதில் எந்த வருத்தமும் கிடையாது. அறுபத்து மூன்று வயது. ஒரே பனியன் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் பேக்கிங் பார்த்து ஓய்ந்தவர். பனியனை மடித்து, டஜனாக அடுக்கி, பெட்டியில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டோடு உருப்படியைச் சரிபார்த்த பிறகே மூடுவார். அவர் கட்டிய பெட்டி பம்பாய் போய்ப் பிரிக்கப்பட்டபோது ஒரு பனியன் குறைந்தது என்று புகார் வந்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் ஆறரை மணிக்கு நாடகம் வரும். அவர் ஐந்தரைக்கே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

அந்த நாடகத்தில் சௌந்தரம் என்று ஒருத்தி. ரயில்வே குமாஸ்தாவின் பெண்டாட்டி. மாமியார் கொடுமை, கொழுந்தன் குடி, மூத்தவளுக்கு வரன் அமையவில்லை. கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. மாமியார் ஏதாவது சொன்னால் லிங்கசாமி மரத்தடியிலிருந்தே பதில் சொல்வார். அவருக்குப் பக்கத்தில் கோன் வைண்டிங்கில் நூல் சுற்றி ஓய்ந்த பொன்னாத்தாள் உட்காருவார். அவர் பதில் சொல்வதோடு நிற்க மாட்டார், மாமியாரைத் திட்டவும் செய்வார். இப்படி முப்பது நாற்பது கிழடுகள். இரண்டு வருஷமாக யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை.

1968ஆம் வருஷம் மாசி மாதம் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, சௌந்தரத்தின் புருஷன் செத்துப்போனான். மூன்று நாள் காய்ச்சல், நான்கு நிமிஷம் இருமல். சௌந்தரம் அழுதாள். "கோடி கொண்டுவர எனக்கு ஓர் அண்ணன் இல்லையே" என்று சொல்லி அழுதாள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போடும் புதுச் சீலைதான் கோடி. அத்துடன் நாடகம் முடிந்து வேளாண் செய்தி வந்தது.

லிங்கசாமி வீட்டுக்குப் போனார். உள்ளே நுழையாமல் வாசல் குழாயடியில் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சத்தம் கேட்டு அவர் மனைவி குப்பாயி வெளியே வந்தார்.

"ஏனுங்க, யாரு போயிட்டாங்க?"

"மாப்பிள்ளை."

"எந்த மாப்பிள்ளைங்க?"

"ரேடியோவுல. சௌந்தரத்தோட ஊட்டுக்காரர்."

அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குப்பாயி உள்ளே போய் அதை இறக்கி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கவுச்சி இல்லை.

குப்பாயி மேற்கொண்டு கேள்வி கேட்காததற்குக் காரணம் இருந்தது. லிங்கசாமிக்குத் தெய்வாத்தாள் என்று ஒரே தங்கை. பெருமாநல்லூரில் கொடுத்திருந்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செத்தபோது லிங்கசாமி கம்பெனியில் கல்கத்தா ஆர்டருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். லோடு ஏறும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று மானேஜர் கேட்டைச் சாத்திவிட்டார். மூன்றாம் நாள் கோடிச் சீலையோடு போய் இறங்கியபோது, பிறந்த வீட்டிலிருந்து யாரும் வராததால் அண்டைவீட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்த கோடியை அவளுக்குப் போட்டு எல்லாச் சடங்கும் முடித்திருந்தார்கள். தெய்வாத்தாள் கோபப்படவில்லை. அவர் நீட்டிய சீலையை அப்படியே திருப்பி அவர் கையில் வைத்தாள். "லோடு போயிருச்சுங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். கோடி திரும்பினால் உறவு திரும்பாது என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. நான்கு வருஷத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

குப்பாயி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவினாசித் தேருக்கு எடுத்து இன்னும் மடிப்புக் கலைக்காத சீலையை எடுத்து வைத்தார். லிங்கசாமி அதை மடித்து, காகிதம் சுற்றி, காடாத் துணி வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை இட்டார். திருமதி சௌந்தரம் அவர்கள், வானொலி நிலையம் என்று முகவரி எழுதினார். அனுப்புநர்: அண்ணன் லிங்கசாமி. கூட ஒரு சீட்டும் வைத்தார்: கோடிச் சீலை ஒன்று.

நாற்பத்தொரு நாள் கழித்து வானொலி நிலையத்திலிருந்து பூங்காக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது.

கடிதம் நான்கு பக்கம். அதன் சாரம் இது. அரசுப் பணியாளர் அன்பளிப்புப் பெறுவது விதிகளுக்கு முரணானது. சௌந்தரம் அரசுப் பணியாளரா என்பது ஆராயப்பட்டு வருகிறது. சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் வாரந்தோறும் பணிக்கு வருவதாகத் தெரிகிறது. எனவே பொருள் அனுப்பியவரின் மனநிலையைக் குழு விசாரித்து, "சௌந்தரம் என்று ஒருவர் இல்லை" என அவரிடம் உறுதிமொழி பெற்று அனுப்பினால் பொதி திருப்பி அனுப்பப்படும். இணைப்புகள் ஐந்து.

இதுவரை குழுவுக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. வேலுமணி அதை மூன்று தடவை படித்துக் காட்டினார். மூன்றாம் தடவை உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். இணைப்புகளைக் கடிதத்தோடு கோத்து, கோப்பில் வைத்து, நாடா கட்டினார்கள். குழுவின் பெயர் அன்றே பொது வானொலிக் கேட்போர் மனநலப் பாதுகாப்புக் குழு என்று மாற்றப்பட்டது. பெயர்ப்பலகை எழுதுகிறவர் இடம் போதவில்லை என்றதால் கூண்டுக்கு மேல் இன்னொரு கூண்டு வைத்துப் பலகையை மாட்டினார்கள்.

தலைவர் மாரப்பன் பூங்காவில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். "பெரியோர்களே, உண்மை எது, கற்பனை எது என்று தெரியாமல் வாழ்வது ஒரு நோய். எங்கள் குழுவைப் பாருங்கள். சென்ற ஆண்டு இந்தப் பெட்டி பழுதாகி ஐந்து மாதம் பேசாமல் கிடந்தது. அந்த ஐந்து மாதமும் நாங்கள் ஒருநாள் தவறாமல் மாலை ஆறு மணிக்கு வந்து திறந்தோம், கைதட்டினோம், ஏழரை மணிக்கு மூடினோம். பெட்டி பேசியதா என்று ஒரு உறுப்பினராவது கேட்டிருப்பாரா? அதுதான் மனநலம்."

ஆறாம் உறுப்பினர் பழக்கத்தில் கைதட்டினார்.

புதிய விதிகள் வந்தன. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பெட்டியிலிருந்து இருபதடி தள்ளி, கயிற்றுக்கு அந்தப்புறம் உட்கார வேண்டும். நாடகத்துக்குப் பதில் சொல்லக்கூடாது. உச்சுக்கொட்டுவது வாரத்துக்கு ஒருமுறை. அழுகிறவர்கள் பெயரை எழுதக் கண்ணீர்ப் பதிவேடு ஒன்று வைக்கப்பட்டது. அதில் வலக்கண், இடக்கண் என்று தனித்தனிக் கட்டங்கள். நாடகம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று வேலுமணி எழுதிய உறுதிமொழியைச் சொல்ல வேண்டும்: "இந்நாடகத்தில் வருவோர் எவரும் மெய்யாக இலர். அவர்தம் துன்பம் என் துன்பமன்று. அழுகை வரின் அடக்குவேன். அடங்காவிடில் குழுவிடம் தெரிவிப்பேன்."

முதல் வாரம் உறுதிமொழி முடிந்ததும் பொன்னாத்தாள் கையைத் தூக்கினார்.

"தெரியாமக் கேக்கறனுங்க. ஆறேகாலுக்கு நூசு வாசிக்கிறாங்களே, அவிங்களையும் நாங்க கண்டதில்லீங்க. அவிங்க இருக்கறாங்களா, இல்லீங்களா?"

இதை யோசிக்க மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது.

சோகமான கட்டம் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று இன்னொரு விதி. சத்தம் குறைந்தால் சோகம் வருகிறது என்று கிழடுகள் தெரிந்துகொண்டார்கள். திருகில் கை வைத்ததுமே அழ ஆரம்பித்தார்கள். ஒரு தடவை வேலுமணி கொசு அடிக்கத் திருகுப்பக்கம் கையை ஓங்கியதற்குப் பதினொரு பேர் பதிவேட்டில் ஏறினார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்தது உரம் பற்றிய வேளாண் செய்தி.

லிங்கசாமியின் மனநிலையை விசாரிக்க ஒரு நிபுணர் தேவைப்பட்டார். ஆஸ்பத்திரி டாக்டர்கள் யாரும் வர ஒப்பவில்லை. ஆகவே கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அய்யாசாமி அழைக்கப்பட்டார். தன் நோயைத் தானே சொல்லத் தெரியாத ஜீவன்களோடு முப்பது வருஷம் பழகியவர் என்று தலைவர் அவரை அறிமுகம் செய்தார்.

அய்யாசாமி முதலில் லிங்கசாமியின் பல்லைப் பார்த்தார். பிறகு அவரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தீனி ஒழுங்காப் போகுதுங்களா?"

"போகுதுங்க. கவுச்சி மட்டும் இல்லீங்க."

"ஏனுங்க?"

"எழவு ஊடுங்க. கோடி சேர்ந்துதான்னு தெரியாம எப்பிடீங்க திங்கறது?"

அய்யாசாமி குறித்துக்கொண்டார். "இந்தச் சௌந்தரத்தை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"பாக்காத ஒருத்தியை எப்பிடித் தங்கச்சிங்கறீங்க?"

"பம்பாய்ச் சேட்டை நான் முப்பத்து நாலு வருஷமாப் பாத்ததில்லீங்க," என்றார் லிங்கசாமி. "அவருக்குத்தான் பெட்டி கட்டுனனுங்க. சேட்டு இல்லைன்னு யாரும் சொல்லலீங்க. அவரு குரலையாவது கேட்டிருக்கறனான்னா அதுவும் இல்லீங்க. இந்தப் புள்ளையோட குரலை ரெண்டு வருஷமாக் கேக்கறனுங்க."

அய்யாசாமி தன் அறிக்கையில், உயிர் சாது, முட்டாது, ஆனால் கட்டுக்கு அடங்காது என்று எழுதினார். சௌந்தரம் என்று ஒருவர் இல்லை எனத் தம் அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். லிங்கசாமிக்குப் பதினைந்து நாள் கெடு கொடுக்கப்பட்டது. அதற்குள் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட வேண்டும். அதுவரை பூங்காவுக்குள் வரக்கூடாது.

இரண்டு செவ்வாய்க்கிழமை அவர் வேலிக்கு வெளியே சைக்கிள் கடையோரம் நின்றார். டவுன் பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நாடகம் முடிந்ததும் பொன்னாத்தாள் வேலியோரம் வந்து கதை சொன்னார். மாமியார் நகைப்பெட்டியைப் பூட்டிவிட்டாளாம். மூத்தவளைப் பார்க்க வந்தவர்கள் எழவு வீடு என்று திரும்பிவிட்டார்களாம். சௌந்தரம் என்ன சொன்னாள் என்று லிங்கசாமி கேட்டார். பொன்னாத்தாள் யோசித்துவிட்டு, அதற்குள் திருகைக் குறைத்துவிட்டார்கள் என்றார்.

அன்று வீட்டில் குப்பாயிதான் பேச்சை எடுத்தார்.

"கையெழுத்துத்தானுங்க. போட்டுட்டு வந்து மரத்தடியில உக்காருங்களே. வாரமெல்லாம் இந்தச் செவ்வாய்க்கெழமைக்குத்தான ஊட்டுக்குள்ள நடையா நடக்கறீங்க."

"போட்டா கோடி திரும்பி வந்துரும் புள்ள."

"வந்தா என்னோட பெட்டியில வெச்சுக்கறனுங்க."

"ஒருக்காக் கோடியைத் திருப்பி வாங்குன கையி இது," என்றார் லிங்கசாமி. "ரெண்டாந்தரம் வாங்க ஏலாது."

குப்பாயி புளிக்குழம்பை ஊற்றினார்.

பதினைந்தாம் நாள் குழு கூடியது. அதுவும் செவ்வாய்க்கிழமைதான், நாடகத்துக்கு அரை மணி நேரம் முன்னால். ஏழாமவரைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். அய்யாசாமி நிபுணர் நாற்காலியில் இருந்தார். கயிற்றுக்கு அந்தப்புறம் கிழடுகள் நின்றார்கள். மேஜைமேல் கோப்பு, பேனா, உறுதிமொழித் தாள்.

"பெரியவரே," என்றார் தலைவர், "இதில் ஒரு கையெழுத்து. அது உங்களைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்தும் எங்களைப் பதில் எழுதாத குற்றத்திலிருந்தும் காப்பாற்றும்."

லிங்கசாமி பேனாவை எடுக்கவில்லை. கோப்பைப் பார்த்தார்.

"சாமி, நான் பேக்கிங்ல இருந்தவனுங்க. சீட்டுல உள்ளபடி உருப்படி இருக்குதான்னு பாக்காம ஒண்ணுலயும் கை வெச்சதில்லீங்க. கடுதாசியில இணைப்பு எத்தனைன்னு போட்டிருக்குதுங்க?"

"ஐந்து," என்றார் வேலுமணி.

"சரிபாத்தீங்களா?"

வேலுமணி தலைவரைப் பார்த்தார். தலைவர், அரசு அனுப்பிய இணைப்பைப் பிரித்துப் பார்ப்பது மரியாதைக்குறைவு என்று கருதியதாகச் சொன்னார்.

லிங்கசாமி நாடாவை அவிழ்த்தார். ஒவ்வொரு தாளாக எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒன்று, அன்பளிப்பு விதிகள். இரண்டு, அதற்கான திருத்தம். மூன்று, திருத்தம் ரத்து. நான்கு, உறுதிமொழித் தாளின் மாதிரி. ஐந்தாவதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்காமல் நின்றுவிட்டார்.

"என்னங்க அது?" என்றார் அய்யாசாமி.

வேலுமணி வாங்கிப் படித்தார். நிலையத்துக்கு வரும் பொதிகளுக்காக அச்சடித்த படிவம் அது. முகவரியில் கண்டவர் நிரப்ப வேண்டியது. கடிதம் எழுதிய பிரிவு வேறு, படிவம் அனுப்பும் பிரிவு வேறு போலிருக்கிறது.

"பொதி: சீலை ஒன்று. ஏற்கிறேன், மறுக்கிறேன், வேண்டாததை அடிக்கவும்," என்று படித்தார் வேலுமணி. "இதில் மறுக்கிறேன் என்பது அடிக்கப்பட்டிருக்கிறது. அனுப்பியவர் உறவுமுறை: அண்ணன். கையொப்பம்: சௌந்தரம். கீழே, மேற்படியார் என் முன்னிலையில் கையொப்பமிட்டுப் பொருளைப் பெற்றுச் சென்றார் என்று அதிகாரி ஒப்பம். வட்ட முத்திரை."

அந்த முத்திரையை உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள்.

"சாமி, சர்க்காரே அவ கையெழுத்தை வாங்கி முத்திரை குத்தியிருக்குதுங்க," என்றார் லிங்கசாமி. "அவ இல்லைன்னு நான் எழுதுனா, அதுக்கு மேல எனக்கு என்ன பண்ணுவாங்கன்னு சொல்லுங்க."

வேலுமணி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதியவர். கையெழுத்திட்டவர் வந்தவர் என்பதுதான் அவர் அறிந்த ஒரே தத்துவம். அரசு முத்திரையிட்டு உண்டு என்று சொன்ன ஒருவரை இல்லை என்று எழுதித் தந்தவர் இந்தப் பூங்காவில் ஒரே ஒருவர்தான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். எல்லோரும் நிபுணர் நாற்காலியைப் பார்த்தார்கள்.

அய்யாசாமி எழுந்து நின்றார். மாடுகளைப் பொறுத்தவரை தன் கருத்தில் மாற்றமில்லை என்றும், சௌந்தரத்தைப் பொறுத்தவரை அரசின் கருத்தே தன் கருத்து என்றும் சொன்னார். அது போதாது என்று தலைவர் கருதினார். லிங்கசாமிக்காக வைத்திருந்த தாளில் "இல்லை" என்பதை அடித்து "உண்டு" என்று எழுதி, அய்யாசாமியும் ஆறு உறுப்பினர்களும் வரிசையில் வந்து கையெழுத்திட்டார்கள். ஏழாமவர் வராததால் அவர் மனநிலை சந்தேகத்துக்குரியது என்று எழுதப்பட்டது.

பிறகு தலைவர் பேசினார். "சௌந்தரம் அவர்கள் உண்டு என்பதில் இந்தக் குழு தொடக்கம் முதலே உறுதியாக இருந்தது. அவர் உண்டு என்றால் அவர் கணவரும் இருந்தார். இருந்தார் என்றால் இறந்தார். இறந்து பன்னிரண்டு வாரம் ஆகியும் இந்தக் குழு இரங்கல் தெரிவிக்காதது பெரும் குறை. எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காப்போம்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதற்குள் ஆறரை ஆகியிருந்தது. மௌனத்துக்கு இடையூறாக இருக்கும் என்று மூன்றாம் உறுப்பினர் திருகை மூடினார். சௌந்தரம் அந்த வாரம் வாயைத் திறந்து என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. மௌனம் முடிந்து திருகைத் திறந்ததும் கயிற்றுக்கு அந்தப்புறமிருந்து பொன்னாத்தாள் கூப்பிட்டார்.

"தலைவருங்க. கண்ணைத் தொடைக்கிறீங்க போல. வலக்கண்ணுங்களா, இடக்கண்ணுங்களா? எழுதோணுமில்லீங்க."

தூசி என்றார் மாரப்பன். தூசிக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லாததால் அந்த வரி காலியாக விடப்பட்டது.

லிங்கசாமி மரத்தடியில் உட்கார்ந்து மிச்ச நாடகத்தைக் கேட்டுவிட்டு எழுந்தார். ஐந்தாம் இணைப்பைக் குழுவிடமிருந்து கேட்டு வாங்கவில்லை. கோப்பில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே வைத்து, நாடாவைத் தானே கட்டிவிட்டு நடந்தார். கட்டு இந்தத் தடவை அவிழாது.

குப்பாயி கதவடியில் நின்றிருந்தார். குழாயடிப் பக்கம் போகாமல் அவர் நேராக வருவதைப் பார்த்தார்.

"என்னாச்சுங்க?"

"லோடு போய்ச் சேந்துருச்சு புள்ள," என்றார் லிங்கசாமி. முந்தைய தடவை அவரிடம் அதைக் கேட்டவளுக்குச் சொல்ல வேண்டிய பதில், இருபது வருஷம் கழித்துக் குப்பாயியிடம் வந்து இறங்கியது.

குப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் அம்மிக்கல்லைக் கழுவும் சத்தம் கேட்டது.

"காலையில கறி எடுத்துட்டு வாங்க," என்றார் உள்ளேயிருந்து. "எலும்பு கம்மியாப் பாத்து வாங்குங்க, பல்லு ஆடுது. அப்புறம் அந்த ரேடியோக்காரங்களுக்கு ஒரு கடுதாசி போடுங்க. இனி அந்தப் புள்ளை ஊட்டுல யாராவது சாகறதா இருந்தா ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லோணும்னு எழுதுங்க. எங்கிட்ட இருக்கறது இன்னும் ரெண்டே சீலைங்க."